கழற்சிக்காய்ப் பொடியும் காச்சிப் பாத்திமா வேரும்

மலேசியாவில் இந்த ஈஜோக்குக்கு வந்த புதிதில் எனக்கு விநோதமாகப் பட்டது, இங்குள்ள மலாய்ப் பெண்கள் தங்கள் மருந்தை மறைக்காததுதான். பக்கத்து வீட்டு லீமா அக்காவை எல்லோரும் ‘காக் லீமா’ என்பார்கள். பெண்களுக்கான காச்சிப் பாத்திமா வேரை அவர் துணிக்கொடியிலேயே கட்டிக் காயப்போடுவார். திருவாரூரில் என் அம்மாவோ, கழற்சிக்காய்ப் பொடியையும் மிளகையும் மோரில் கலக்கி, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் எனக்குக் கொடுப்பார். மாதவிலக்கு ஒழுங்காக வராத பெண் என்று அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடக் கூடாதே. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்கு மனைவியாகி நான் கப்பலேறியபோது, புடவை மடிப்புக்குள் ஒரு டப்பா பொடியும் வந்தது.

அக்டோபரில் ஒரு காலை, பின்வாசலில் அதைக் கலக்கிக்கொண்டிருந்தேன். காக் லீமா வேலியோரம் வந்து, “பிலா டாத்தாங் பூலான்?” என்றார். டாத்தாங் என்றால் வருவது, பூலான் என்றால் மாதம். எந்த மாதம் இந்த ஊருக்கு வந்தாய் என்கிறார் என்று எண்ணி, “ஜூன்” என்றேன். அவர் விரல் மடக்கி எண்ணினார். என் டம்ளரை வாங்கி மோரை மண்ணில் ஊற்றிவிட்டு, வயிற்றைத் தொட்டுச் சிரித்தார். மதியம் ஒரு சட்டி கோழிக்கஞ்சி வந்தது.

மாலையில் கேட்ட என் கணவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஊருக்கு வந்தத கேக்கல சாரதா. எப்ப வீட்டுக்குத் தூரமானேன்னு கேட்டிருக்காங்க. நீ முழுகாம இருக்கேன்னு நெனச்சிட்டாங்க லா. நானே போய் சொல்லிடவா?”

“வேணாங்க. இது பொம்பளைங்க பேச்சு. நானே சொல்றேன்.”

மறுநாள் கணவரிடம் கற்ற ஒரே மலாய் வாக்கியத்தோடு காக் லீமா வீட்டுக்குப் போனேன். குழந்தை இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. வயதுக்கு வந்ததிலிருந்து அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லாததை, பாதி மொழியும் பாதி கையுமாக அந்த வாசற்படியில் சொன்னேன். காக் லீமா கொடியிலிருந்த வேரை அவிழ்த்துத் தந்தார். அந்த வாரமே கிள்ளானிலிருந்த டாக்டரம்மாவிடம் பஸ்ஸில் அழைத்தும் போனார். சினைப்பையில் நீர்க்கட்டிகள், பயப்பட ஒன்றுமில்லை என்ற டாக்டரம்மா, மாத்திரை தந்து, பொடியையும் வேரையும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

ஜனவரியில் மாதவிலக்கு வந்தது. அம்மாவுக்குக் கடிதம் போய்ச்சேரப் பத்து நாளாகும். காக் லீமாவோ வேலிக்கு அந்தப் பக்கம். அவரிடம்தான் முதலில் சொன்னேன். தன் வேர் கைவிடாது என்று பூரித்துப்போனார். நான் தலையாட்டினேன். அவர் தந்த இஞ்சித் தண்ணீரைக் குடித்துக்கொண்டே, உன் பொடி பலித்துவிட்டது என்று அம்மாவுக்கு எழுதினேன்.