அக்கீலா உடைத்ததும் கட்டியதும்

புத்தளத்தை அடுத்த ஆலங்குடாப் பக்கம் கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதியைப் படம் எடுப்பவள் அக்கீலா. ஆண்கள் இருக்கும் பந்தலுக்கு எந்தக் கமராக்காரரையும் கூப்பிடலாம். அபாயாவைக் கழற்றி வைத்துவிட்டு, தலையில் பூவும் கழுத்தில் மாலையுமாகப் பெண்கள் பாட்டுப் பாடிச் சிரிக்கும் அறைக்குள் அவர்களில் யாரும் கால் வைக்க முடியாது. அக்கீலா போவாள். எடுத்ததைத் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து தானே வெட்டி ஒட்டி, மணமகளின் கையிலேயே கொடுப்பாள். வேறு யாரிடமும் கொடுத்தது கிடையாது. மாப்பிள்ளையே வந்து கேட்டாலும், "பொண்டாட்டிட்டக் கேட்டு வாங்குங்க" என்பாள்.

கணவன் ரிப்கான் கடல் தொழிலுக்குப் போகிறவன். அவளுடைய தொழிலில் அவன் தலையிடுவதில்லை. ஊர் சிலவேளை தலையிடும். அதை அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு கல்யாணங்கள் வரிசையாக வந்த ஒரு மாதத்தில் அவளுடைய பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் செத்தது. காலையில் சுவிட்சைப் போட்டபோது உள்ளேயிருந்து டிக், டிக் என்று நகம் தட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. திரையில் ஒன்றும் வரவில்லை. கமராவின் மெமரி கார்டுகளை அடுத்தடுத்த கல்யாணங்களுக்காக ஏற்கெனவே அழித்திருந்தாள். இன்னும் கொடுத்து முடிக்காத நாலைந்து கல்யாணங்கள் அந்த ஒரு டிஸ்க்கில் மட்டுமே இருந்தன.

கொழும்பில் செத்த டிஸ்க்கிலிருந்து படங்களை மீட்டுக் கொடுக்கும் இடம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே பேசினாள். பேசிய பையன் மரியாதையாகத்தான் விளக்கினான். டிஸ்க்கைத் திறந்து, கிடைத்த கோப்புகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுச் சரிபார்ப்பார்களாம்.

"அதப் பாக்கிறது ஆரு?"

"நாங்கதான், மேடம்."

"பொம்புளைகள் ஆராவது அங்க வேல செய்றாங்களா?"

"இல்ல மேடம். ஆனா எங்களுக்கு இதெல்லாம் வேலதானே. ஒண்டும் வெளிய போகாது."

அக்கீலா நன்றி சொல்லி போனை வைத்தாள். பிறகு அபாயாவைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அனுப்பினால் கிடைக்கலாம், ஆனால் அந்நிய ஆண்கள் பார்ப்பார்கள் என்றாள். குறிஞ்சிப்பிட்டிக்குக் கல்யாணம் முடித்துப் போயிருந்த நஸ்லியா அழுதாள். அழுது முடித்துவிட்டு, "வேணாம் ராத்தா. அனுப்ப வேணாம். போனது போகட்டும்" என்றாள். மற்றவர்களும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள்.

கைருன்னிஸா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய மகள் ஷிம்லாவின் கல்யாணமும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது.

"எனக்கு ஆரு பாத்தாலும் காரியமில்ல. கொழும்பான் என்ட மகளத் தேடி வரப்போறானா? அனுப்பு."

"மாமி, ஷிம்லாட படத்த மட்டும் பிரிச்சு எடுக்க ஏலாது. அனுப்பினா எல்லாப் புள்ளைகள்ட படமும் சேந்து போகும்."

"அது ஒன்ட கரச்சல். படத்த நம்பித்தானே ஒன்னக் கூப்பிட்டம்?"

"ஓம் மாமி. மத்தவங்களும் நம்பித்தான் கூப்பிட்டாங்க."

ஷிம்லா உள்ளறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கைருன்னிஸாவின் மூத்த சகோதரர் ஜபார் ஹாஜியார் வாகனத்தில் வந்து இறங்கினார். ரிப்கான் கடலில் இருந்தான். ஹாஜியார் முற்றத்தில் நின்றபடியே பேசினார்.

"டிஸ்க்கத் தா புள்ள. நான் ஆள் வச்சு எடுத்துக்கொள்றன்."

"தர ஏலாது ஹாஜியார்."

"ஒன்ட சொத்தா அது?"

"என்ட சொத்தில்ல. அதாலதான் தர ஏலாதென்றன்."

"நாளைக்கு நாலு பேரோட வந்தா என்ன செய்வாய்?"

வாகனம் மணலைக் கிளப்பிக்கொண்டு திரும்பிப் போனது. அக்கீலா உள்ளே போய் டிஸ்க்கை எடுத்து வந்தாள். ரிப்கான் படகுப் பலகைக்கு ஆணி அடிக்கும் சுத்தியலும் கூடவே வந்தது. முற்றத்துச் சீமெந்துக் கல்லின் மேல் டிஸ்க்கை வைத்து அடித்தாள். மேல் தகடு வளைந்ததே தவிர உடையவில்லை. உளியைக் கொடுத்துக் கிளப்பினாள். உள்ளே கண்ணாடி போலப் பளபளத்த வட்டங்களில் அவளுடைய முகம் தெரிந்தது. அவை கோணிச் சுருளும்வரை அடித்தாள். அவள் எடுத்த மிகச் சிறந்த படம் ஒன்றும் அதில் இருந்தது. மருதாணிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நஸ்லியா சிரித்த சிரிப்பு அது. அதையும் சேர்த்துத்தான் அடித்தாள்.

கடலிலிருந்து வந்த ரிப்கான் முற்றத்தில் கிடந்த துண்டுகளைக் குனிந்து பொறுக்கினான். "ஊர் கதைக்கப் போகுது" என்றான்.

"கதைக்கட்டும்."

ஊர் கதைத்தது. கைருன்னிஸா போன வீடுகளில் எல்லாம் அக்கீலாவின் பெயர் நாறியது. பேசி வைத்திருந்த இரண்டு கல்யாணங்கள் கையை விட்டுப் போயின. கமராவை விற்றுவிட்டுத் தையலுக்குப் போகச் சொல்லி உறவுக்காரர்கள் யோசனை சொன்னார்கள். அக்கீலா அதற்குப் பதிலாகப் புத்தளம் பஸ்ஸில் ஏறினாள்.

அதற்கு முன்பே, படங்களைத் தொலையாமல் வைப்பது எப்படி என்று அவள் போனில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருந்தாள். பாதி தமிழில், பாதி சிங்களத்தில். ரெயிட் என்ற சொல்லை அங்கேதான் பிடித்தாள். இரண்டு டிஸ்க்குகளை ஒன்றுக்கொன்று கண்ணாடி போலப் பூட்டி வைப்பது. எதை எழுதினாலும் இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றதில் முழுதும் இருக்கும்.

டவுணில் கணினிக் கடை வைத்திருந்த நௌஃபர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஒங்கட மாப்பிள்ளைய அனுப்புங்க ராத்தா. விளங்கப்படுத்துறன்" என்றான்.

"அவருக்குக் கடல்ல ஓடுற போட் எஞ்சின் விளங்கும். இது எனக்குத்தான் விளங்கணும். சொல்லுங்க."

நௌஃபர் சிரித்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டான். பிறகு ஒழுங்காகவே பேசினான். "மதர்போர்ட்லயே ரெயிட் இருக்கு. மெஷின் தொடங்குற நேரம் ஒரு இடத்துல மாத்தி விட்டா சரி."

"போர்ட் பழுதானா?"

"அதே மாதிரி போர்ட் தேடணும்."

"எங்கட பக்கத்து உப்புக் காத்துல மோட்டர்சைக்கிளே தாங்குதில்ல. போர்ட் எத்தன வருஷம் தாங்கும்?"

"தனிக் கார்ட் ஒண்டு போடலாம். ஆனா அது செத்தாலும் அதே கார்ட்தான் வேணும். கொழும்புலயும் லேசில கிடைக்காது." கொஞ்சம் யோசித்தான். "அப்ப விண்டோஸாலயே செய்வம். கொஞ்சம் மெதுவா எழுதும். ஆனா ரெண்டு டிஸ்க்கையும் கழட்டி வேற விண்டோஸ் மெஷின்ல பூட்டினாலும் வரும்."

"அதத் தாங்க. கடவுச்சொல்லும் போடணும். டிஸ்க்க ஆரு கொண்டு போனாலும் உள்ளுக்கு ஒண்டும் தெரியக் கூடாது."

இரண்டு டிஸ்க்கையும் ஒரே கம்பெனியில், ஒரே பெட்டியில் இருந்து எடுக்க வேண்டாம் என்று நௌஃபர்தான் சொன்னான். ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே சாகலாம் என்றான். அது அவளுக்குத் தெரியாத விஷயம். மின்சாரம் போனால் தாங்குவதற்கு ஒரு யுபிஎஸ்ஸும் எடுத்துக்கொண்டாள். பொருத்தும் வேலையைத் தானே செய்வேன் என்று கடை மேசையிலேயே உட்கார்ந்தாள். போர்டைத் திருகினாள், கேபிள்களைக் கொளுவினாள், மின்விசிறியை ஒருமுறை தலைகீழாகப் பூட்டிவிட்டுக் கழற்றித் திரும்பப் பூட்டினாள். கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் கடல் அலை வீடியோ ஒன்றை அந்தக் கண்ணாடி டிஸ்க்கில் ஏற்றி ஓடவிட்டாள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் கையை விட்டு ஒரு டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கினாள்.

"அல்லாவே!" என்றான் நௌஃபர்.

படம் ஒரு நொடி தயங்கியது. பிறகு அலை வந்து கரையில் மோதியது. திரை மூலையில் எச்சரிக்கை ஒன்று வந்து நின்றது. அக்கீலா கேபிளைத் திரும்பக் கொளுவி, இரண்டு டிஸ்க்கும் மறுபடி ஒன்றாகும்வரை அங்கேயே காத்திருந்தாள்.

கண்ணாடிக்கும் ஒரு குறை உண்டு என்பதை வீட்டுக்கு வந்த பிறகு கற்றாள். ஒருநாள் கைதவறி ஒரு கல்யாணத்தின் கோப்புறையை அழித்துவிட்டாள். இரண்டிலும் ஒரே நேரத்தில் அழிந்தது. நல்ல காலம், மெமரி கார்டு அலுமாரியில் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து கார்டுகளை அவள் அவசரப்பட்டு அழிப்பதில்லை. கடவுச்சொல் போட்ட மூன்றாவது டிஸ்க் ஒன்றும் அலுமாரிக்குள் பூட்டுப் போட்டு இருக்கிறது.

பழிச்சொல் நேருக்கு நேர் வந்தது அடுத்த வருடம், கரைத்தீவில் நடந்த ஒரு கல்யாணத்தில். மணமகள் நுஸ்ரா, வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. அக்கீலாவைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டிருந்தாள். மாப்பிள்ளை பக்கத்து உறவில் வந்திருந்த கைருன்னிஸா, கமராவைக் கண்டதும் அறை நிறையக் கேட்கும்படி சொன்னார்.

"இவளையா கூப்பிட்டீங்க? என்ட மகள்ட கல்யாணத்த சுத்தியலால அடிச்சவ இவ!"

பாட்டு நின்றது. அக்கீலா கமராவை இறக்கினாள்.

"ஓம் மாமி. என்ட கையாலதான் போச்சு. ஒரு டிஸ்க்க நம்பி வச்சிருந்தது என்ட பிழைதான். ஆனா ஒரு அந்நிய ஆம்பிளைட கண்ணுக்கும் நான் அத விடல்ல. இண்டைக்கும் விடமாட்டன்." அறையைச் சுற்றிப் பார்த்தாள். "படத்துல வர விருப்பமில்லாத ஆக்கள் சொல்லுங்க. ஒங்கட பக்கம் கமரா திரும்பாது."

கைருன்னிஸா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். வேறு யாரும் திரும்பவில்லை. நுஸ்ராதான் முதலில் சத்தம் போட்டாள். "பாட்டப் போடுங்களேன்! என்ட கல்யாணம்!" அந்தப் படத்தில் கைருன்னிஸாவின் முதுகுகூட விழாமல் அக்கீலா எடுத்தாள். இன்றுவரை அவர் அக்கீலாவின் சலாத்துக்குப் பதில் சொல்வதில்லை. அக்கீலா சலாம் சொல்வதை நிறுத்தவும் இல்லை.

போன மாரி முடிந்த நேரம் அந்த இயந்திரத்தின் மதர்போர்ட் துருப்பிடித்து நின்றது. அக்கீலா இரண்டு டிஸ்க்கையும் துணியில் சுற்றிக்கொண்டு டவுணுக்குப் போய், முற்றிலும் வேறு போர்ட் ஒன்றில் பூட்டினாள். கடவுச்சொல்லை அடித்ததும் எல்லாக் கல்யாணங்களும் திறந்தன. நௌஃபர் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பி நின்றான். அவள் சொல்லாமலே திரும்பினான்.

இப்போது அவளுக்கு மன்னார்ப் பக்கமிருந்தும் அழைப்பு வருகிறது. அண்மையில் பேசிய ஒரு மணமகள் பயந்து பயந்து கேட்டாள்.

"ராத்தா, ஒங்கட கொம்பியூட்டர் பழுதானா என்ன செய்வீங்க?"

"பழுதாகட்டும் புள்ள," என்றாள் அக்கீலா. "நீங்க கல்யாணத் தேதியச் சொல்லுங்க."