களிமண் பொம்மைகளும் ஓர் அட்டையும்

அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்த என் சித்திக்கு ஒரு விசித்திரமான வாசிப்புப் பழக்கம் இருந்தது. நாளைய உலகம் எப்படியெல்லாம் சீரழியும் என்று சொல்லும் நாவல்களாகத் தேடித் தேடிப் படிப்பார். படித்ததை எங்களுக்கும் சொல்வார். லயத்து வரிசை வீடுகளில் மற்றப் பிள்ளைகள் பேய்களுக்குப் பயந்தார்கள். நாங்கள் இனி வரப்போகும் அரசாங்கங்களுக்குப் பயந்தோம்.

“இந்தக் கதைகள்ல அரசாங்கம் மாறுறப்ப சட்டம் மட்டும் மாறுறதில்ல. மனுசன்னா யாருங்குற நெனப்பே மாறிப்போகுது” என்பார். எனக்கு ஒன்றும் விளங்காது.

பதுளையில் பள்ளிகளுக்கிடையே நாடகப் போட்டி வந்தபோது, எங்கள் தோட்டப் பள்ளிக்கு அவர் எழுதித் தந்ததும் அதைப் பற்றித்தான். ஒரு நாடு, மூன்று அரசாங்கங்கள். முதலாவது, மனிதர்கள் பிறவியிலேயே நல்லவர்கள் என்று நம்பிப் பூட்டுகளையெல்லாம் பிடுங்கி எறிந்தது. ஒரு களவு நடந்ததும் இரண்டாவது வந்தது. எல்லோரும் கள்ளர்கள்தான் என்று வீட்டுக்கொரு காவலாளியை நிறுத்தியது. மூன்றாவதோ, மனிதன் நல்லவனுமில்லை, கெட்டவனுமில்லை, வெறும் களிமண், நாம் பிசைகிறபடி இருப்பான் என்றது. மூன்று அரசாங்கங்களாகவும் நடித்தது என் அண்ணன். தொப்பியை மட்டும் மாற்றிக்கொள்வான். நானும் தங்கச்சியும் இன்னும் சில பிள்ளைகளும் குடிமக்கள். கடைசியில் அரசாங்கம் “அசையாதே!” என்றதும் குடிமக்கள் எல்லோரும் களிமண் பொம்மைகளாகி நிற்க, திரை விழ வேண்டும். ஒருவர் அசைந்தாலும் நாடகம் கெட்டது என்று சித்தி எச்சரித்திருந்தார். எங்கள் பள்ளி அதுவரை எந்தப் போட்டியிலும் கப் வாங்கியதில்லை.

போட்டியன்று காலையிலிருந்தே மழை. தேயிலைக்குள் இறங்கி ஓடித்தான் பஸ்ஸைப் பிடித்தோம்.

மேடையில் எல்லாம் நன்றாகவே போனது. திரை விழக் காத்துப் பொம்மைகளாக நின்றோம். அப்போதுதான் பார்த்தேன்: தங்கச்சியின் முழங்காலில் இரத்தம் உறிஞ்சிக்கொண்டு ஓர் அட்டை. வீட்டில் அட்டையைக் கண்டால் ஊரைக் கூட்டுகிறவள், இப்போது அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்டு இமைகூட ஆடாமல் நின்றாள். கன்னத்தில் கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

என்னால் முடியவில்லை. ஓடிப்போய் அட்டையைப் பிடித்து இழுத்தேன். வழுக்கியது. அண்ணன் கண்ணை உருட்டி, “அசையாதே!” என்று மறுபடியும் உறுமினான்.

“ஒனக்குக் கண்ணு தெரியலையா? புள்ளைய அட்டை கடிக்குது!” என்று கத்தினேன்.

அண்ணனுக்கு இதற்கு மேல் வசனம் கிடையாது. “எங்க, எங்க?” என்று பதறிக்கொண்டு தொப்பியைக் கழற்றி வீசிவிட்டு, அரசாங்கமே வந்து மண்டியிட்டது. பொம்மைகள் எல்லாம் உயிர்பெற்று ஓடிவந்தன. ஒருத்தி சோப்பு கேட்டாள், இன்னொருத்தி எச்சிலைத் தொட்டு வைக்கச் சொன்னாள். அட்டை விழுந்ததும் தங்கச்சி அதுவரை அடக்கிவைத்த அழுகையையெல்லாம் சேர்த்து “சித்தீ!” என்று ஓலமிட்டாள். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. பின்வரிசையில் விசில் பறந்தது.

முதல் பரிசு எங்களுக்குத்தான். இப்படியொரு முடிவு எழுத எப்படித் தோன்றியது என்று நடுவர் ஒருவர் சித்தியைக் கேட்டார். சித்தி தங்கச்சியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ் முழுக்கப் பாட்டும் தாளமும்தான். பண்டாரவளை தாண்டியதும் சித்தி என் தோளைப் பற்றிக்கொண்டார். சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடியும் சிரித்தார்.

“நான் எழுதுன கதை தோத்துப்போச்சுடீ” என்றார்.

பாவம், சத்தத்தில் அவருக்கு அறிவிப்பு சரியாகக் கேட்கவில்லை போலும். நான் கப்பை எடுத்து அவர் மடியில் வைத்து, “இல்ல சித்தி, ஜெயிச்சிட்டோம். இந்தா பாருங்க” என்று தேற்றினேன்.