அண்ணனுக்கும் காட்டாத எண்

எங்கள் தெருவில் சுடர்விழியை அறியாதவர் இல்லை. தஞ்சையில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைப் பிரிவில் அவர் கண்காணிப்பாளர். அவருடைய பெற்றோர் ஒரத்தநாட்டுப் பக்கம் பிறர் வயலில் நாற்றுப் பறித்தவர்கள். அண்ணன் செல்லதுரை இன்று சொந்த நிலத்தில் குறுவை அறுக்கிறார்.

சுடர்விழி அப்பிரிவுக்கு வந்த புதிதில், பழைய பேருந்து நிலையத்தில் வேர்க்கடலை வாங்கினார். கடலை தீர்ந்ததும் பொட்டலத் தாளைப் பிரித்தால், அது ஒரு மாணவியின் ஆதார் நகல். பெயர், முகவரி, பன்னிரண்டு இலக்கங்கள் எல்லாம் எண்ணெய்க் கறையோடு தெரிந்தன. அவர் பிரிவில் கழித்த தாள்கள் பழைய தாள் கடைக்கு எடைக்குப் போய், அங்கிருந்து வந்தது அது. மறுநாளே எடைக்குப் போடுவதை நிறுத்தினார். தாள் நறுக்கும் இயந்திரம் வரும்வரை மேலிடத்தை அவர் விடவில்லை. அன்றுமுதல் எண்ணை மாணவரே திரையில் பதிய வேண்டும். கோப்பில் சேரும் நகலில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டுமே தெரியலாம்.

சென்ற ஐப்பசியில் செல்லதுரை, தங்கை வீட்டுக்கு வந்தார். நானும் அப்போது அங்கிருந்தேன். அவர் மகள் கனிமொழிக்குப் பரிதி என்ற வரன் அமைந்திருந்தது. சுடர்விழியின் பல்கலைக்கழகத்தில் படித்தவர். வயது முப்பத்தொன்று என்று வீட்டார் சொன்னார்கள். ஆறு வயது குறைத்துச் சொல்கிறார்கள் என்று யாரோ ஊதிவிட்டிருந்தார்.

"பேரத் தட்டுனா அரை நிமிஷம். ஆதார்ல என்ன வயசுன்னு பாத்துச் சொல்லு சுடரு, போதும்."

"முடியாதுண்ணே."

"வெளியாளா கேக்குறான்? உன் அண்ணன் மகளுக்குத்தானே."

"யாருக்குன்னாலும்தான். அந்தப் பையன் ஸ்காலர்ஷிப்புக்குக் குடுத்தது அது. நம்ம கல்யாணத்துக்குக் குடுக்கல. நேராப் போய்க் கேளுங்க, அவங்களே காட்டட்டும்."

"பொண்ணப் பெத்தவன் போயி, உன் வயசக் காட்டுன்னு நிக்கவா? பெரிய கலெக்டரு இவ. நாளைக்கு எம்மக வாழ்க்க ஒண்ணுன்னா அந்தப் பழி உனக்குத்தான், பாத்துக்க."

காப்பியைத் தொடாமலேயே அவர் எழுந்து போனார். அதன்பின் தங்கையின் அழைப்பை அவர் எடுக்கவில்லை. தூக்கி வளர்த்த பெண்ணின் திருமணம் தன்னால் கெட்டுவிடுமோ என்று சுடர்விழி உள்ளுக்குள் நொந்தார். ஆயினும் நாள்தோறும் அதே கணினியின் முன் அமர்ந்தவர், அந்தப் பெயரைத் தட்டவே இல்லை.

வீட்டில் நடந்ததைக் கேட்ட கனிமொழி, அத்தை சொன்ன வழியைத் தானே எடுத்துக்கொண்டாள். பரிதியைத் தொலைபேசியில் அழைத்து நேரடியாகக் கேட்டாள். அடுத்த ஞாயிறு அவர் சான்றிதழ்களோடு வந்து, ஆதார் நகலைச் செல்லதுரையிடம் நீட்டினார். பிறந்த தேதி தெளிவாக இருந்தது: முப்பத்தொன்றேதான். ஆனால் எண்ணில் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டிருந்தன.

"நம்பர ஏன் தம்பி மறைச்சிருக்கீங்க?"

"வயசுதான மாமா பாக்கணும், நம்பர் எதுக்கு? படிக்கிறப்ப முழு நம்பரோட ஜெராக்ஸ் கொண்டுபோனேன். ஒரு மேடம் திருப்பி அனுப்பிட்டாங்க, மறைச்சு எடுத்துட்டு வாங்கன்னு. அதுலேருந்து யாருக்கும் இப்படித்தான் குடுக்குறது."

அன்று மாலையே சுடர்விழிக்கு அண்ணனின் அழைப்பு வந்தது.

"உங்க ஆபீஸ்ல ஒரு மேடமாம். கண்ணாடி போட்டுக்கிட்டுக் கடுகடுன்னு இருப்பாங்களாம். தெரியுமா உனக்கு?"

"கடுகடுன்னெல்லாம் இருக்க மாட்டாங்களே."

"எனக்குத் தெரியும்டி. காப்பிகூடக் குடிக்க விடாம அனுப்புனவங்க. சரி, வெள்ளிக்கிழம பூ வைக்கிறோம். மொத ஆளா வந்து நில்லு."

தை மாதம் ஒரத்தநாட்டில் திருமணம் நடந்தது. பந்திக்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களிடம் தங்கையின் தோளில் கைவைத்து அழைத்துச் சென்ற செல்லதுரை, தங்கை வகிக்கும் பதவியையோ வாங்கிய பட்டத்தையோ சொல்லவில்லை.

"எந்தங்கச்சிங்க. கூடப்பொறந்தவன் நானே கேட்டும் காட்ட மாட்டேன்னுட்டா," என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.