கோழிக்குஞ்சு அடுப்பும் மீன்கத்தியும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை. இராஜாக்கமங்கலத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. அந்த வீட்டுக் கொட்டகையில் காலை பத்து மணி வாக்கில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பயந்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது, பயம் மட்டும் நிற்காமல் வளர்ந்துகொண்டே வந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுக்கு வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் தூங்கிவிடுவாரோ என்று அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். நெஞ்சு படபடக்கும், தலை கனக்கும். இரண்டு முறை இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

பதினேழு வருடம் ஒரு கோழிப்பண்ணையில் வேலை பார்த்தேன். குஞ்சுகளை இறக்கியதும் முதல் சில நாள் அவற்றுக்குச் சூடு கொடுக்க வேண்டும். அதற்குக் குடை மாதிரி ஒரு கேஸ் அடுப்பைத் தொங்கவிடுவோம். புரூடர் என்பார்கள். காற்று அடித்தால் சுற்றிலும் சாக்குப் படுதாவை இறக்கிவிடுவோம். எல்லாம் சரியாக இருக்கிறதா என்பதைக் குஞ்சுகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். அடுப்புக்குக் கீழே ஒட்டிக்கொண்டு கிடந்தால் குளிர். விலகி ஓடினால் சூடு அதிகம். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அங்கங்கே அசையாமல் இருந்தால் உள்ளே காற்று கெட்டுவிட்டது, ஓடிப்போய்ப் படுதாவைத் தூக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன்.

பண்ணையை மூடியபோது, துருப்பிடித்துக் கிடந்த இரண்டு புரூடர்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. எதற்கு என்று தெரியாமலேயே கொண்டுவந்து போட்டேன். பிறகு சாணை மெஷினை மொபெட்டில் கட்டிக்கொண்டு சந்தை சந்தையாகக் கத்தி தீட்டப் போனேன். வாய் போன கத்திகளைச் சாணை பிடித்தால் மட்டும் போதாது, பழுக்கக் காய்ச்சி அடித்துத்தான் சரிசெய்ய முடியும். தேங்காய்ச் சிரட்டைக்கரி போட்டுப் பார்த்தேன். புகைக்குப் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அப்போதுதான் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். யாரோ பழைய கேஸ் ஹீட்டரை உலையாக மாற்றியிருந்தார்கள். எனக்குப் புரூடர் ஞாபகம் வந்தது.

குடையைக் கழற்றி எறிந்துவிட்டு, பர்னரையும் வால்வையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். ஓரடி நீளத்துக்கு அகலமான இரும்புக் குழாய் ஒன்று. அதற்குள்ளே நெருப்புத் தாங்கும் வெள்ளைப் பஞ்சு, அதன்மேல் சூளைமண் பூச்சு. குஞ்சுக்குப் போதுமான சூடு இரும்புக்குப் போதாதே, அதனால் ஹோட்டல் அடுப்புக்கு வைக்கிற ரெகுலேட்டர். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று ஒருதரம் அல்ல, நாலுதரம் பார்த்தேன்.

"ஏங்க, பாத்திரம் கழுவ வச்சிருந்த சோப்பு பூரா உங்க டியூபைக் கழுவியே தீந்துபோச்சு" என்றாள் மனைவி.

முற்றத்தில் வைத்து முதல் முறை பற்றவைத்து, அதற்குள் ஒரு கம்பி சிவந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பண்ணை போன பிறகு முதல் தடவையாக, பிழைத்துக்கொள்வோம் என்று தோன்றியது.

கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவந்து சந்தையில் விற்கிற ஒரு அக்கா, தன் கத்தியைக் கொண்டுவந்து தந்தார். பெரிய சூரை மீனின் தலையைப் பிளக்கும்போது முனை உடைந்து, வாயிலும் பல் பல்லாகப் போயிருந்தது.

"புதுசு ஒண்ணு வாங்கலாமே அக்கா?"

"புதுசுக்கு எனக்க கை தெரியுமா மக்கா? சனிக்கிழம வருவேன். ஞாயிறு பூசை முடிஞ்சா சந்தையில ஆளு நிக்கும். பேரக் கெடுத்துராத, கேட்டியா?"

யார் பேரை என்று அவர் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கத்தி நன்றாக வந்தால் சந்தையில் இருக்கிற அத்தனை மீன்காரப் பெண்களும் என்னிடம்தான் வருவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை ஆடிக்காற்று ஓட்டைத் தூக்குகிற மாதிரி அடித்தது. முற்றத்தில் வைத்த உலை இரண்டு முறை அணைந்துவிட்டது. அணைந்தால் எரியாத கேஸ் வெளியே பரவுமே, எங்கேயாவது பொறி பட்டால் வீடே போய்விடுமே என்று சிலிண்டரை அடைத்தேன். உலையைத் தூக்கிக் கொட்டகைக்குள் வைத்தேன். அங்கேயும் இடுக்கு வழியாகக் காற்று வந்தது. பண்ணைப் புத்தி சும்மா இருக்குமா? பழைய சாக்குகளை எடுத்து, நாலு பக்கமும் ஒரு ஓட்டை விடாமல் அடைத்தேன். கதவையும் சாத்தினேன். தீ ஆடாமல் நின்றது. அக்காவின் கத்தியை உள்ளே வைத்தேன். கேஸ் நாற்றம் கொஞ்சமும் இல்லை. எனக்கு அவ்வளவு திருப்தி.

துவைக்கிற துணியோடு பின்பக்கம் போன மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க காத்துக்குமா பயப்படுதிய?" என்று சிரித்து, கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அது சுருக்கென்று தைத்தது. இன்றைக்கு ஒருநாளாவது பயப்படாமல் வேலையை முடிப்பது என்று வைராக்கியம் வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டு வலித்தது. நெஞ்சு படபடத்தது. எனக்குப் புதிதா என்ன? 'வந்துட்டான் நம்ம ஆளு' என்று நினைத்துக்கொண்டேன். பயத்தைத்தான் சொல்கிறேன். இன்று அவனுக்கு இடம் கொடுப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கால் தளர்ந்தது. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். நீலமாக எரிந்த தீ மஞ்சளாகிச் சோம்பலாக ஆடியதும் தெரிந்தது. அழகாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. பிறகு ஒன்று நடந்தது. பயம் போய்விட்டது. பிறந்ததிலிருந்து எனக்கு இல்லாத ஒரு நிம்மதி. எதுவுமே முக்கியம் இல்லை என்பது மாதிரி. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

அடுத்து எனக்குத் தெரிந்தது, யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து இழுப்பது.

"ஏலே! காலம்பறயே ஊத்திட்டியா? நெருப்புக்க முன்ன இருந்து தூங்குத! எந்திலே! எனக்க கத்திய அதுக்குள்ள போட்டுட்டு இங்க ஆடிட்டு இருக்கான் பாரு!"

மீன்கார அக்காதான். கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், பதில் இல்லை. கதவைத் தள்ளியிருக்கிறார். திட்டிக்கொண்டே, தரையோடு தரையாக என்னை முற்றத்துக்கு இழுத்துப் போட்டார். சத்தம் கேட்டு மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"அக்கா, அவிய குடிக்க மாட்டாவ! சொட்டு தொட மாட்டாவ!"

"பின்ன இது என்னட்டி? நிக்க முடியல, கண்ணு சொருகுது. நான் பாக்காத குடியா? எனக்க வீட்டுலயே ரெண்டு கெடக்கு!"

இரண்டு பேரும் என் தலைக்குமேல் நின்று சண்டை போட, நான் மண்ணில் கிடந்து வாந்தி எடுத்தேன். அக்கா குனிந்து என் வாயை மோந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. "ஏட்டி, வாடை இல்லியே. ஆட்டோ பிடி" என்றார். கேஸ் கசிந்திருக்கும் என்று நினைத்த மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள் ஓடி சிலிண்டரை அடைத்துவிட்டு, ரோட்டுக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் மாட்டினார்கள். அடைத்த இடத்தில் கேஸ் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்று ஒரு விஷவாயு வரும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் மோந்து மோந்து பார்த்ததெல்லாம் வேறு ஒன்றை, கசிகிற கேஸை.

"தலைவலி வந்திருக்குமே. ஏன் வெளிய வரல?"

"வந்தது டாக்டர். என் பயம்னு நினைச்சேன்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

படுத்துக் கிடந்தபோது குஞ்சுகள்தான் நினைவுக்கு வந்தன. தலையைத் தொங்கப் போட்டால் படுதாவைத் தூக்கு. பதினேழு வருடம் ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்குப் பார்த்ததை எனக்கு நான் பார்க்கவில்லை. பார்த்தும், இது என் சுபாவம் என்று விட்டுவிட்டேன்.

கத்தி போய்விட்டது. தீயிலேயே கிடந்து, ஓரமெல்லாம் பொரிந்து கருகியிருந்தது. அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். அக்கா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உயிரு கெடக்குல்லா? பின்ன கத்தியாம்" என்றார். மீனின் செதிளைச் சுரண்டிக்கொண்டே, "ஒண்ணு சொல்லுதேன் மக்கா. நீ குடிச்சிருக்கேன்னு நெனச்சுத்தான் உள்ள வந்தேன். விஷக்காத்துன்னு தெரிஞ்சிருந்தா நானே பயந்து ஓடியிருப்பேன்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

லாரி ஸ்பிரிங் பட்டையில் அவருக்கு ஒரு கத்தி அடித்துக் கொடுத்தேன். கனமாக இருக்கிறது என்று இன்றுவரை குறை சொல்கிறார். ஆனால் வேறு கத்தியை எடுப்பதில்லை. இப்போது உலை இருக்கிற இடத்துக்கு நாலு காலும் ஒரு கூரையும் மட்டும்தான், சுவர் கிடையாது. காற்று மிஞ்சினால் அன்றைக்கு வேலை இல்லை.

நான் இன்னும் பயந்தவன்தான், அது போகவில்லை. ஆனால் தலை கனத்தால், நெஞ்சு படபடத்தால், இப்போதெல்லாம் அதனோடு மல்லுக்கட்டுவதில்லை. முதலில் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். அது வெறும் பயமா இல்லையா என்பதைக் காற்றில் நின்றுகொண்டும் யோசிக்கலாம் அல்லவா?