முக்கால் மில்லி குங்குமம்

"சக்கரம் சரியில்லை." இவ்வளவுதான் எழுதியிருந்தார். இரண்டு வருடம் குனிந்து உட்கார்ந்து நான் செய்த காரின் படத்துக்குக் கீழே, முகம் தெரியாத ஒரு கோயம்புத்தூர்க்காரர். கொஞ்ச நேரம் கழித்து அதுவும் போதாது என்று, "கல்யாண ஊர்வலக் கார் மாதிரி இருக்கு" என்று இன்னொரு வரி. சின்னக் கார் செய்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

போடிநாயக்கனூரில் ஏலக்காயைத் தரம் பிரித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். அது வயிற்றுக்கு. மிச்ச நேரத்தில் ஹாட் ராட் கார்களைச் சின்ன அளவில் செய்கிறேன். அமெரிக்காவில் ஒரு காலத்து இளவட்டங்கள் பழைய காரை வாங்கி, கூரையை அறுத்துத் தாழ்த்தி, மட்காடைக் கழற்றி எறிந்து, பெரிய இஞ்சினை மாட்டி ஓட்டிய வண்டி அது. எஸ்டேட் ஜீப்பு பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி ஒரு வண்டி, இஞ்சின் வேறெங்கிருந்தோ வந்திருக்கும். நம்மவர்கள் அதில் பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலை ஏறுகிறார்கள். நான் அதை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிக் கண்ணாடி அலமாரியில் வைக்கிறேன். இரண்டில் எது பைத்தியக்காரத்தனம் என்று என் மனைவியைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்.

என் கார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருடத்து மாடல். உதிரி பாகங்கள் வந்த பெட்டியிலேயே இருந்த சக்கரம் பளபளவென்று குரோம் பூசியது. அந்தக் காலத்தில் அப்படியொரு சக்கரமே கிடையாது. சைக்கிளுக்கு இருப்பது போல மெல்லிய போக்ஸ் கம்பி வைத்த இரும்புச் சக்கரம், சிவப்புப் பெயின்ட், பதினாறு அங்குல ரிம். என் அளவுக்குப் பதினாறேகால் மில்லிமீட்டர். ஏலக்காய்க்காரனுக்கு மில்லி என்றால் உயிர். காயை உள்ளங்கையில் உருட்டியே இது எட்டு மில்லி, இது ஏழரை என்று சொல்லிவிடுவேன், சல்லடை அப்புறம்தான். இந்தக் கண்ணுக்கு அந்தத் தப்புச் சக்கரம் தட்டுப்படாமல் போய்விட்டதே என்றுதான் வயிறு எரிந்தது.

தேடினேன். தையல் மிஷின் பாபின், சட்டைப் பித்தான், கைக்கடிகாரத்தின் உள்சக்கரம் என்று கண்டதையெல்லாம் வாங்கி வந்து அளந்தேன். பொம்மைக்கடைக்காரர் என்னைக் கண்டாலே உள்ளே போய்விடுவார். வெளிநாட்டிலிருந்து ஒரு செட்டு வரவழைத்தேன். மூன்று மாதம் கழித்து வந்து சேர்ந்தது. பிரித்தால் மூன்று சக்கரம்தான் இருந்தது.

என் மனைவி மலைமேல் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் காலையில் காய் பறிக்கப் போகும் பெண்களோடு ஜீப்பில் போய்ச் சாயங்காலம் அதிலேயே இறங்குவாள். ஜீப்பு ஓட்டுபவர் அவள் பிறந்த தெருக்காரர். அவளுக்கு அண்ணன் முறை, அதனால் எனக்கு மச்சான். ஆவணி மாதம் ஒரு காலையில் அவள் குடையை மறந்துவிட்டுப் போக, நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். குடையை நீட்டியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ஸ்டியரிங்குக்கு முன்னால், சாமி படத்துக்குக் கீழே, ஒரு பழைய பொம்மைக் கார் ஒட்டியிருந்தது. பெயின்ட் உதிர்ந்து, கூரை நசுங்கி, பார்க்கச் சகிக்காது. ஆனால் சக்கரம்! ஈயத்தில் வார்த்த நாலு போக்ஸ் கம்பிச் சக்கரம். அதுவும் சிவப்பு! காற்றும் வெயிலும் பட்டு மங்கிப்போன, எந்தக் கடையிலும் வாங்க முடியாத அந்தக் காலத்துச் சிவப்பு.

சட்டைப்பையில் எப்போதும் காய் அளக்கிற வெர்னியர் அளவுகோல் இருக்கும். ஜீப்புக்குள் பாதி உடம்பை நுழைத்து அளந்தேன். பதினாறேகால்!

"சாரே, இது எந்தா? ஜீப்புக்கு ஊசி போடுறீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் கேட்க, வண்டியே சிரித்தது. என் மனைவி குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"எஸ்டேட்டு பங்களாவ ஒழிச்சப்ப கெடந்துச்சு மாப்ளே. இது ஏறுனதுல இருந்து நம்ம வண்டி ஒரு எடத்துல ஒரசுனது இல்ல" என்றார் மச்சான். பிறகு, "அது கெடக்கட்டும். மழைக்கு முந்தி டயரு நாலும் மாத்தணும் மாப்ளே. ஒங்களுக்குத் தெரிஞ்ச கடை எதும் இருந்தாச் சொல்லி விடுங்க" என்றார்.

நான் போக்ஸ் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தேன். "ஆகட்டும் மச்சான்" என்றேன்.

அதற்குப் பிறகு என் மனைவி எதையாவது மறந்துவிட்டுப் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். அவள் மறக்காத நாட்களில் நானே சாப்பாட்டுப் பையை எடுத்து ஒளித்துவைத்தேன். மச்சானுக்கு டீ, வடை, அவர் மகள் வீட்டுக்கு ஒரு கிலோ முதல் தரக் காய். காரையே கேட்கவில்லை, சக்கரத்தை மட்டும்தான் கேட்டேன். "ஓடுற வண்டிக்கு எவனாச்சும் சக்கரத்தக் கழட்டிக் குடுப்பானா மாப்ளே?" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துவிடுவார். "அது ஓடலையே மச்சான்" என்று நான் தூசியைப் பார்த்துக் கத்துவேன்.

கிடைக்காவிட்டால் என்ன, படம் எடுக்கலாமே. பூதக்கண்ணாடியை வைத்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். "மாற்றுப் பூச்சு எதுவும் படாத, தயாரிப்புக் காலத்துச் சிவப்பு. பதினாறேகால் மில்லி, கச்சிதம். நிறம் ஆழமாகப் படிந்திருப்பதைக் கவனிக்கவும்" என்று கீழே எழுதினேன். கோயம்புத்தூர்க்காரர் அரைநாள் கழித்து, "அருமை. சுத்தம் செய்துவிடாதீர்கள். அந்தப் பூச்சுதான் இதன் மதிப்பே" என்று பதில் போட்டார். அதை மனைவியிடம் காட்டினேன். "யாருங்க இவரு?" என்று கேட்டுவிட்டு அவள் பரீட்சைத் தாளைத் திருத்தப் போய்விட்டாள்.

புரட்டாசியில் வானம் மூட்டம் போட ஆரம்பித்தது. ஒரு நாள் மச்சானே கடைக்கு வந்தார். மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டே பேசினார்.

"மாப்ளே, நாலுக்கு நாலு. ஒங்களுக்கு அந்த நாலு சக்கரம். எனக்கு நாலு டயரு. ரீட்ரெட்டு வேணாம், புதுசு. கடன் கேக்குற எடத்துல எல்லாம் கேட்டுப் பாத்துட்டேன், பணம் தெகயல."

"என்ன மச்சான் இது! அது ஈயம், இது ஜீப்பு டயரு."

"வாங்க, வந்து பாருங்க."

ஜீப்பு வாசலில்தான் நின்றது. முன்டயரில் அவர் கையை வைத்துத் தடவினார். அதில் பள்ளம் என்று ஒன்றுமே இல்லை. பின்டயரில் ரப்பர் போய் உள்ளே இருந்த நூல் வெளியே தெரிந்தது. "சாரல் விழுந்தா இதுல ஆள ஏத்த மாட்டேன். பாவம் நமக்கு வேணாம். திங்கக்கெழம வண்டிய நிறுத்திருவேன். டீச்சரம்மாவும் மத்த பொம்பளைகளும் வேற வண்டி பாத்துக்கிறட்டும்" என்றார்.

இப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். என்ன சொன்னேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். "மச்சான், ரெண்டு டயரு இப்ப, ரெண்டு தை பொறந்ததும் வாங்கித் தர்றேனே" என்றேன்.

அவர் டயரிலிருந்து கையை எடுத்துத் தூசியைத் தட்டிக்கொண்டார். "சரி மாப்ளே. அப்ப ரெண்டு சக்கரம் இப்ப, ரெண்டு சக்கரம் தைக்கு" என்றார்.

இரண்டு சக்கரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன சைக்கிளா செய்வது? பெயின்ட் அடிக்கிற கம்ப்ரசருக்கு என்று வைத்திருந்த பணத்தை எடுத்தேன். சனிக்கிழமை நாலு புது டயரும் ஏறின. மச்சான் பொம்மைக் காரைப் பஞ்சில் சுற்றி என் கையில் கொடுத்தார். சக்கரங்களைக் கழற்றிக்கொண்டு, என் காரிலிருந்து கழற்றிப் பெட்டியில் போட்டிருந்த குரோம் சக்கரங்களை அதற்கு மாட்டிக் கொடுத்தேன். "ஆத்தீ, என்னா மினுக்கு!" என்று அவருக்கு வாயெல்லாம் பல். கல்யாண ஊர்வலக் கார் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது.

திங்கட்கிழமை ஜீப்பிலிருந்த பெண்கள் என்னைக் கும்பிட்டார்கள். "எங்க உசுருக்காகப் புது டயரு வாங்கிப் போட்ட மகராசன், நல்லா இருக்கணும்" என்று ஒரு அம்மாள் நெட்டி முறித்தார். நானும் அடக்கமாகத் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன். முன்சீட்டிலிருந்த என் மனைவி பொம்மைக் காரின் குரோம் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். 

பூச்சு உதிர்ந்துவிடுமே என்று சக்கரங்களை என் காரில்கூட மாட்டவில்லை. தூசிகூடத் தட்டவில்லை. பஞ்சு விரித்து, கண்ணாடி போட்டு மூடி, "தயாரிப்புக் காலத்துப் பூச்சு" என்று சீட்டு எழுதி ஒட்டினேன்.

ஆயுத பூஜையன்று மச்சான் கூப்பிட்டார், போனேன். கழுவித் துடைத்த ஜீப்பு, வாழைக்கன்று, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். புது டயர் நாலுக்கும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். பிறகு உள்ளே கையை விட்டு, அந்தப் பொம்மைக் காரின் குரோம் சக்கரம் ஒவ்வொன்றிலும் எண்ணெயில் குழைத்த குங்குமத்தை மோதிர விரலால் அழுத்தி அப்பினார்.

"மச்சான், அதுக்குமா?"

"வண்டின்னா வண்டிதான மாப்ளே? இருவது வருசமா வருசா வருசம் வைக்கிறேன். இந்தக் கருமத்துல குங்குமம் நிக்கவே மாட்டேங்குது, வழுக்குது. அந்தப் பழசு நல்லாப் பிடிச்சு வச்சுக்கிரும்."

சுண்டல் சாப்பிடாமல் வீட்டுக்கு ஓடினேன். ஒரு சக்கரத்தை எடுத்து வெந்நீர்த் தம்ளரில் போட்டு, இரண்டு சொட்டு ஷாம்பு விட்டேன். தயாரிப்புக் காலத்துச் சிவப்பு நூல் நூலாகப் பிரிந்து மேலே வந்தது. பத்து நிமிடத்தில் தம்ளர் முழுக்க ரத்தம் மாதிரி. வெளியே எடுத்துத் துடைத்தால் வெறும் சாம்பல் நிற ஈயம். வெர்னியரை எடுத்து அளந்தேன். பதினைந்தரை! நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ஊருக்கெல்லாம் பறைசாற்றிய கச்சிதத்தில் முக்கால் மில்லி, இருபது வருடத்துக் குங்குமம்.

குழுவில் நான் எதுவும் எழுதவில்லை. கோயம்புத்தூர்க்காரர் இன்னும் அந்தச் சிவப்புக்குப் பெயின்ட் எண் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஒரு நாள் இருட்டுகிற நேரத்தில் என் மனைவி நனைந்துபோய் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். 

"கொண்டை ஊசி வளைவுல ஒரு லோடு லாரி நேரா வந்துருச்சுங்க. அண்ணே பிரேக்கப் போட்டாரு. ரோட்டோரத்துல சுவரு இடிஞ்சு கெடந்துச்சு. அதுக்கு ஒரு முழம் இருக்கு, வண்டி நின்னுருச்சு. வழுக்கவே இல்ல." தலையைத் துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. அந்தப் பொம்மக் காரு மட்டும் அங்க இல்லாம இருந்திருந்தா, நீங்க அந்த டயரப் பாத்திருப்பீங்களா?"

 இரண்டு மாதம் தினமும் அந்த ஜீப்புக்குள் தலையை விட்டவன் நான். என் பெண்டாட்டி அதன் முன்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை எதையும் ஒளித்துவைக்காமல், அவளோடு நானும் ஜீப்புக்கு நடந்தேன். சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். வெர்னியரின் பின்பக்கக் கம்பியை டயரின் பள்ளத்துக்குள் விட்டு அளந்தேன். எட்டு மில்லி. அடுத்த டயருக்குப் போனேன்.

"சாருக்கு இன்னும் தெளியல" என்று பின்னால் சிரிப்பு. மச்சான் ஹாரனை அடித்து, "மாப்ளே, வெரசா! சோலிக்குப் போகணும்ல" என்றார். நான் நாலையும் முடித்துத்தான் எழுந்தேன்.

என் மனைவி இன்னும் ஏறாமல், குடையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"நாலும் சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"அப்ப ஏறட்டுமா?" என்றாள்.