கழுத்துக்கு லத்தீனில் என்ன பெயர்?

காலண்டர் சீசன் முழுக்க அச்சகத்தில் குனிந்தே வேலை பார்த்துக் கழுத்துவலி வந்த என் கணவர், இன்று எக்ஸ்ரே எடுத்துவிட்டு முகம் வெளிறி வந்தார்.

"என்னங்க சொன்னாக?"

"செர்விகல்னு எழுதியிருக்காக. பொம்பளைகளுக்குக் கர்ப்பப்பையில வருமே, அந்தப் புத்துநோய் எனக்கு வந்திருக்கு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, எக்ஸ்ரேயைப் பார்த்து எழுதிக்கொடுத்த டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"லத்தீன்ல செர்விக்ஸ்னா கழுத்தும்மா. கர்ப்பப்பையோட கீழ்ப்பகுதி கழுத்து மாதிரி குறுகலா இருக்கதால அதுக்கும் அதே பேரு. இவருக்குக் கழுத்தெலும்புத் தேய்மானந்தான்" என்றார்.

கணவருக்கு உயிர் வந்தது. "அப்பக் கழுத்துன்னே எழுதியிருக்கலாம்ல?" என்று கோபப்பட்டார்.

ஆனால் அதற்குள் ஆமத்தூரில் இருக்கும் தன் தங்கைக்குப் போனில் சொல்லிவிட்டாராம். நாத்தனார் அழுதுகொண்டே சிவகாசி பஸ் ஏறிவிட்டார்.

வந்ததும் அவரிடம் லத்தீனை எங்கிருந்து தொடங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.