மாதம்மாள் காய்ச்சிய பார்லிக் கஞ்சி

ஜவ்வாது மலையில் பிறந்து, பக்கத்துத் தெருவிலேயே வாக்கப்பட்டவள் மாதம்மாள். கைவேலையில் சுறுசுறுப்பு, வாய் அதைவிடச் சுறுசுறுப்பு. அவள் பேச ஆரம்பித்தால் புளி தட்டுகிறவர்கள் கொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அந்த வாய்தான் பிற்பாடு அவளைத் தலைகுனிய வைத்தது.

புருஷன் அருணகிரி புளி லோடு அடிக்கிற லாரிக்கு டிரைவர். போளூர், திருப்பத்தூர் என்று கிளம்பினால் வீடு திரும்பச் சில நாள் ஆகும். மூடிக்கிடந்த ஒயின்ஷாப்புகளை மறுபடியும் திறந்திருந்த காலம் அது. லோடு இறங்கிய சந்தோஷத்தில் மண்டிக்காரர்கள் பரோட்டாவும் பீரும் வாங்கிக் கொடுப்பார்கள். சாராயம் மாதிரி இல்லையப்பா, உடம்புக்குக் குளிர்ச்சி என்பார்கள். வீட்டுக்கு வந்தால் வயிறு உப்பிக்கொள்ளும். பேதி பிடுங்கும். ஆள் வரவர ஈர்க்குச்சியாய்ப் போனான்.

குடிதான் காரணம் என்று மாதம்மாள் முடிவு கட்டிவிட்டாள். ஊர்க்கவுண்டர் கண்ணாயிரத்திடம் போய் முறையிட்டு, மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினாள். அவளே கற்பூரம் ஏற்றினாள். இனி பீரையோ சாராயத்தையோ தொடமாட்டேன் என்று அருணகிரி அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினான். லாரி வேலைக்கும் முழுக்குப் போட வைத்தாள்.

அப்புறம் வீட்டுச் சாப்பாடுதான். சாமைச் சோறு, கேவுரு களி, காட்டுக் கீரை. புண்ணாய்ப் போன வயிற்றுக்கு இதமாய் இருக்கட்டும் என்று போளூர் மளிகைக் கடையிலிருந்து பார்லி வரவழைத்தாள். காய்ச்சலில் கிடப்பவருக்கும், கால் வீங்கிய பிள்ளைத்தாய்ச்சிக்கும் கொடுப்பதுதானே. காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. கடைசி மடக்கு உள்ளே போகும்வரை எதிரிலேயே நிற்பாள்.

பேதி நிற்கவில்லை. அப்படியானால் எங்கோ ஒளிந்து குடிக்கிறான் என்றுதானே அர்த்தம்? அவன் காட்டு வேலையிலிருந்து வந்ததும் வாயை மோந்து பார்ப்பாள். வாடை வராது. ஏலக்காய் மென்றிருப்பான் என்று நினைத்துக்கொள்வாள். தன் தம்பி ராஜாக்கண்ணு கல்யாணத்தில், புதுச் சம்பந்திகள் பார்க்க, புருஷன் மோவாயைப் பிடித்து இழுத்து மோந்தாள். கற்பூரத்தை அணைத்துவிட்டுத் திருட்டுத்தனமாய்க் குடிக்கிற மனுஷன் இவரு என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். அவன் கையைத் தட்டிவிடவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றான். அன்றைக்கு அவனுக்கு விழுந்த பெயர், திருட்டு பீரு.

ஒருநாள் ஏர் பிடித்தபடியே மயங்கி விழுந்தான். வேலூர் ஆஸ்பத்திரிக்கு இருவருமாய்ப் போனார்கள். குழாய் நுனியில் மாட்டிய மாத்திரை அளவுக் குப்பியை விழுங்க வைத்துக் குடலிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். சிலர் குடலுக்குக் கோதுமை ஆகாது, இந்தப் பக்கம் அரிதாகத்தான் பார்க்கிறோம் என்றார் டாக்டரம்மா. பரோட்டா, ரவை, சேமியா, பன், பிஸ்கட்டு என்று விலக்க வேண்டியதைச் சொல்லிக்கொண்டே வந்தவர், பீரும் கூடாது என்றார்.

மாதம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நான் தலபாடா அடிச்சிக்கினேங்க டாக்டரம்மா. கேட்டாத்தானே?"

"போதைக்காகச் சொல்லலைம்மா. பீரை பார்லியிலதான் காய்ச்சுறாங்க. கோதுமை மாதிரியே பார்லியும் இவருக்கு விஷம். அரிசி, கேழ்வரகு, சாமைக்கு பயமில்லை. பார்லி எந்த ரூபத்துலயும் போகக்கூடாது. சமீபத்துல ஏதாவது சாப்பிட்டாரா?"

மாதம்மாள் புருஷனைப் பார்த்தாள். இனி அவன்தான் சொல்லவேண்டும். அருணகிரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "எப்பவாச்சும் கஞ்சி குடிப்பேங்க" என்றான்.

அந்த 'எப்பவாச்சும்' அவளைச் சுட்டது. பஸ் கண்ணமங்கலம் தாண்டும்வரை அவன் பக்கம் திரும்பவே முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மிச்சப் பார்லியைக் குப்பைக்குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினாள். அருணகிரிக்கு உடம்பு தேறியது. கன்னத்தில் சதை பிடித்தது. இப்போதுதான் நிஜமாகவே குடியை விட்டிருக்கிறான் என்று ஊர் பேசியது. அவன் அன்றைக்கே விட்டுவிட்டான் என்பது அவளுக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. ஊரைக் கூட்டத் தெரிந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

ஆடித் திருவிழாவுக்கு ராஜாக்கண்ணு திருப்பத்தூரிலிருந்து பீர் பாட்டில்கள் கொண்டுவந்தான். கோயில் புளியமரத்தடியில் ஆளுக்கொன்று உடைத்தார்கள். "மாமா, நீயும் ஒண்ணு புடி" என்று நீட்டினான். அருணகிரி கையை ஆட்டினான்.

பங்காளி பாண்டுரங்கன் விடவில்லை. "திருட்டு பீருக்கு நாலு பேரு எதிர்ல எறங்காதுடா. பொதர் பக்கமா வெச்சிட்டு வா, தானா காலியாவும்."

மரத்தடியே சிரித்தது. அருணகிரி தரையைப் பார்த்தான். கல்யாணத்தில் பார்த்த அதே பார்வை.

பெண்கள் பக்கமிருந்து எழுந்து வந்த மாதம்மாள், தம்பி கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி ஓரமாய் வைத்தாள்.

"அவரு குடிக்கல. சத்தியம் பண்ணதுலேர்ந்து ஒரு சொட்டுகூடக் குடிக்கல. இத பார்லியிலதான் காய்ச்சுறான். அந்தப் பார்லிய நாந்தான் கஞ்சி போட்டு ரெண்டு வேளயும் ஊத்தினேன். அவர சாகடிக்கப் பாத்தது பீரு இல்ல, நானு."

பாண்டுரங்கன்தான் ஆரம்பித்தான். "அப்போ பொண்டாட்டி கையால ரெண்டு வேளயும் பீரு. குடுத்து வெச்சவண்டா நீ."

இந்தத் தடவை சிரிப்பு அவள் மேல் விழுந்தது. அருணகிரியும் லேசாய்ச் சிரித்தான். முகம் எரிய எரிய அவள் நின்றாள்.

கண்ணாயிரம் மட்டும் சிரிக்கவில்லை. "கற்பூரம் ஏத்தினவ நீ. அந்தச் சத்தியத்த எடுக்கறதா இருந்தா நீயே எடும்மா" என்றார்.

அவள் வீட்டுக்குப் போய் ஒரு சொம்போடு வந்தாள். அரிசிச் சோற்றைப் புளிக்க வைத்த, லேசாய்ப் போதை ஏற்றுகிற சுண்டக்கஞ்சி. வெளியில் காய்ச்சுவதில் என்ன கலந்திருப்பார்களோ என்று தன் கையாலேயே ஊற வைத்திருந்தாள். எதற்கு என்று அதுவரை அவளே சொல்லிக்கொண்டதில்லை.

"அரிசி. வேற ஒண்ணும் சேக்கல" என்று நீட்டினாள்.

அருணகிரி ஊர்க்கவுண்டரைப் பார்த்தான். அவர் தலையாட்டினார். ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தான். வாயைத் துடைக்கவில்லை. கிட்டே வந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"இப்ப மோந்து பாரு."

மாதம்மாள் நிமிரவில்லை. சொம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே நின்றாள்.